ஸ்டோர்ஸ் அண்ணன் ஏறாத எடை மேடை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேரைச் சிரிக்க வைப்பவன் நல்லவன் என்று நாற்பது வயதுவரை நம்பியிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில், வெளியே போகும் பெட்டிகளை எடை போடுவது என் வேலை. ஆயுத பூஜையன்று அந்த இரும்பு எடை மேடையைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைப்போம். பிறகு பொரி தின்றுகொண்டே ஆளாளுக்கு ஏறி இறங்குவோம். யார் எத்தனை கிலோ என்று கூவுவது நான்தான். ஒரு வருடம், சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்ஸ் அண்ணன் ஏறியபோது, "மாமே, இதுக்குத் தனி லாரி சொல்லணும்! கிரேன் எங்க கீது?" என்று கத்தினேன். கூட்டத்தோடு அவரும் சிரித்தார். இறங்கியவர், தன் காலில் பட்டு அழிந்த சந்தனத்தைச் சரிசெய்யக் குனிந்தார், வயிறு விடவில்லை. அதற்கும் ஒன்று சொன்னேன்.

மறுநாளிலிருந்து அவர் மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்காரவில்லை. ஸ்டோர்ஸ் ரேக்குகளுக்கு நடுவே, முதுகைக் காட்டிக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். "டயட்டா அண்ணாத்தே?" என்று அங்கேயும் போய் எட்டிப் பார்த்தேன். நாலு படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். குரூப் போட்டோ எடுக்கும்போது மட்டும் எதையாவது தேடப் போய்விடுவார். எனக்கு இதெல்லாம் ஜோக்குக்கான சரக்கு. நோய் என்று தோன்றவே இல்லை.

ஒருமுறை கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு எடையும் பார்ப்பார்கள்; அதற்கு எங்கள் மேடைதான். "நாளைக்கும் நம்ம கூவல்தான்!" என்று முந்தைய நாளே ஷெட் முழுக்கச் சொல்லிவைத்தேன். அண்ணன் மறுநாள் லீவு. இரண்டு வருடம் கழித்து, காலில் ஆறாத புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் அவருக்குச் சர்க்கரை முற்றியிருந்தது தெரிந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். வேலையையும் விட்டுவிட்டார்.

போன மாதம், எனக்கே மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனேன். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. நர்ஸ் உரக்கப் படித்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தானா என்றுகூடத் தெரியாது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சேக்காட்டிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். "இன்னா நைனா, நீயும் ஊதிக்கினியா?" என்று நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார். மன்னிப்புக் கேட்கப் போனவன் வாயில் வேறு வந்தது.

"அன்னிக்குக் கேம்புக்கு வந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும் அண்ணாத்தே. நம்ம எடை மேடைதானே? ஏன் வரல?"

"பக்கத்துல நீ நிப்பியே."