முதலில் போனை வைக்காதவள்

போன வியாழக்கிழமை காலை, பள்ளிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. "எப்ப?" என்று மட்டும் கேட்டார். பிறகு அம்மாவிடம், "ராணி போயிட்டா" என்றார். எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போன என் பெரியப்பா மகள் ராணி அக்காவைக் கொண்டுபோனது டெங்கு காய்ச்சல். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்களிடம் அப்பா வேறு காரணம் சொன்னார். "ராத்திரியெல்லாம் வெள்ளைக்காரங்கூட இங்கிலீஷ் பேசுனா உடம்பு தாங்குமா?" அன்றைக்கே என் விஷயமும் முடிவானது. பிளஸ் டூவோடு படிப்பு போதுமாம்.

அக்காவுடன் கால் சென்டரில் வேலை பார்த்த நீங்கள், ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டத்தில் வீட்டார் யாராவது பேச வேண்டும் என்று கேட்டீர்கள். எல்லோரும் மறுத்துவிட்டார்கள். நான் வருகிறேன். எல்லோரும் தூங்கியபின் குளியலறை விளக்கில் இதை எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது.

போன வருடம் பேச்சுப் போட்டிக்கு நான் கிளம்பியபோது அக்கா, "பிரேக் எ லெக் டி!" என்றாள். அம்மா அர்த்தம் கேட்டாள்.

"காலை ஒடிச்சுக்கன்னு அர்த்தம் சித்தி."

"வெளங்குமா? நல்லது சொல்லி அனுப்ப வாய் வராதா ஒனக்கு?"

"அய்யோ சித்தி, மேடை ஏறுறவுகள இங்கிலீஷ்காரவுக அப்படித்தேன் வாழ்த்துவாக."

"நல்லா வாழ்த்துனாக!" என்று அம்மா எனக்கு மிளகாய் சுற்றிப் போட்ட பிறகே அனுப்பினாள்.

இதையெல்லாம் அக்கா, உங்களைப் போலவே, போனில் அடிபட்டுத்தான் கற்றாள். சேர்ந்த புதிதில் பில் தகராறுக்காகக் கூப்பிட்ட ஒரு வெளிநாட்டு அம்மாள், "என் கயிற்றின் நுனிக்கு வந்துவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாராம். இனிப் பொறுமையில்லை என்பதற்கு அவர்கள் அப்படிச் சொல்வார்கள். அக்காவுக்குக் கயிறு என்றதும் உத்தரத்தில் தொங்கும் தூக்குதான் கண்ணில் தெரிந்தது. பில்லை விட்டுவிட்டு, "சாப்பிட்டீர்களா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள்" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். அந்த அம்மாள் முதலில் சிரித்தார். அப்புறம் இறந்துபோன கணவரைப் பற்றி வெகுநேரம் பேசினார். டீம் லீடர் கடிகாரத்தைக் காட்டித் திட்டியபோது அக்கா கேட்டாளாம்: "அவுக வைக்காம நான் எப்படிண்ணே வைக்க? நீங்கதானே சொன்னீக?"

கூப்பிட்டவர் வைக்கும்வரை நாம் வைக்கக் கூடாது என்பது உங்கள் வேலையின் சட்டம். அக்கா அதை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். ராத்திரி வேலை வேண்டாம் என்று அப்பா கத்தும்போது எழுந்து போக மாட்டாள். "சொல்லுங்க சித்தப்பா, கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன்" என்பாள். கடைசியில் அப்பாதான் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார். அக்கா வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

"ஒனக்குப் பயமே இல்லையாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏன் இல்ல? பயமாத்தேன் இருக்கும்டி. இருந்தா இருக்கட்டும். லைனை மட்டும் நீ கட் பண்ணிராத."

அக்கா இங்கிலீஷ் பேசிச் சாகவில்லை. கொசு கடித்துச் செத்தாள். விளாங்குடியில் எங்கள் தெருச் சாக்கடை இன்னும் திறந்துதான் கிடக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவர்கள், அவள் பேசிய மொழிமேல் பழி போடுகிறார்கள்.

உங்கள் முன் இதை வாசித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போவேன். எங்கே போனாய் என்று அப்பா கேட்பார். சொல்வேன். கல்லூரியில் ஆங்கிலம் படிக்கப் போகிறேன் என்பதையும் சொல்வேன். அவர் கத்துவார். எனக்குப் பயமாகத்தான் இருக்கும். "சொல்லுங்கப்பா, கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன்" என்பேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். அப்பா டீக்கடைக்குக் கிளம்பும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையப்போவதில்லை.