கதவைச் சுமந்தவளும் கீழ் கோத்தகிரியும்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் படத்தை ஆகா ஓகோ என்று சிபாரிசு செய்திருந்தேன்... ஞாபகம் இருக்கிறதா? விதவை ஒருத்தி, தான் கட்டப்போகும் வீட்டுக்கான கதவை முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறுகிற கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை, வசனமும் கொஞ்சம்தான். ‘சப்-டைட்டில் இருக்கப் பயமேன்?’ என்று வேறு எழுதித் தொலைத்திருந்தேன்.

ஒரு வாசகி அதை அப்படியே நம்பிவிட்டார். கீழ் கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட் ஸ்கூல் ஒன்றில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா டீச்சர். போன் செய்தார்.

“ஏனுங்க சார், நீங்க எழுதின படத்த எங்க எஸ்டேட் கிளப் ஹால்ல போடறோமுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம். நீங்க வந்தே ஆகோணும்.”

குஷியாகக் கிளம்பிவிட்டேன். போய் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. மாதம் ஒரு நல்ல படம் போட வேண்டும் என்பது டீச்சரின் நெடுநாள் ஆசை. கிளப் செக்ரட்டரி அரை மனதோடு ஹாலைக் கொடுத்திருக்கிறார் — ஒரு கண்டிஷன் போட்டு.

“பாதியில கூட்டம் எந்திரிச்சுப் போச்சுன்னா இதோட நிறுத்திக்கோணுமுங்க டீச்சர். அப்பறம் ஹால் கேக்கப்படாது.”

ஹால் நிறைந்திருந்தது. பெரும்பாலும் கொழுந்து பறிக்கிற பெண்கள். படம் ஆரம்பித்தது. சப்-டைட்டிலும் ஓடியது... இங்கிலீஷில். என் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. எந்த மொழியில் சப்-டைட்டில் என்று நான் எழுதவே இல்லையே?

டீச்சர் விவரமானவர். திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அரை மணி நேரம் தாக்குப்பிடித்தார். ஏற்கெனவே ஜலதோஷம், தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. ஹாலில் சலசலப்பு. பின்வரிசையில் நாலைந்து பேர் எழுந்தார்கள். செக்ரட்டரி கதவோரம் போய் நின்றுகொண்டார். டீச்சர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்.

“நீங்க உக்காருங்க டீச்சர். அவ அண்ணங்காரன்கிட்ட சண்ட போடறா. ‘நானே தூக்கிக்கறேன், நீ தொடாத’ங்கறா.”

ராசாத்தி. இருபது வருஷமாகக் கொழுந்து பறிப்பவர், இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாதவர் என்று பிறகு தெரிந்தது. நான் அவசரமாகச் சப்-டைட்டிலைப் பார்த்தேன். ஏறக்குறைய அதேதான்!

ராசாத்தி மூச்சு வாங்கினால் பக்கத்தில் இருந்தவர் தொடர்ந்தார். அவர் விட்ட இடத்தில் இன்னொருவர். தோட்டத்தில் இது வழக்கமாம். ஒருத்தி பின்தங்கினால் பக்கத்து நிரைக்காரி தன் வரிசையோடு அவள் வரிசையிலும் கை போட்டுப் பறித்துக் கொடுப்பாள். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசிக் காட்சி. சுவரே இல்லாத வெறும் தரையில் கதவை நிறுத்தி, அவள் அதைத் தட்டுகிறாள். இதைத்தான் நான் ‘தனிமையின் குறியீடு’ என்று எழுதியிருந்தேன். பெரிய மேதை!

“தட்டிப் பாக்கறா,” என்றார் ராசாத்தி மெதுவாக. “அவளோட சொந்தக் கதவாச்சே...”

ஹாலில் இருந்த பெண்கள் எஸ்டேட் கொடுத்த லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள். ரிட்டயர் ஆனால் வீட்டை எஸ்டேட்டிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அந்தக் கதவு என்ன என்று அவர்களுக்கா தெரியாது? இதே படத்தை நான் முதலில் பார்த்தது பெருநகரத்துத் திரைப்பட விழாவில். பக்கத்து சீட்டுக்காரர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். ‘நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது சார்’ என்று படம் முடிந்ததும் எனக்கு வகுப்பெடுத்தவரும் அவர்தான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் வெட்கம்... மீதியெல்லாம் பெருமை. எப்பேர்ப்பட்ட ரசிகர்கள் நம்மிடம் இருக்கிறார்கள்!

விளக்கைப் போட்டதும் செக்ரட்டரி டீச்சரிடம் வந்தார். “அடுத்த மாசம் என்ன படமுங்க?” குரல் வராத டீச்சர் சிரித்துக்கொண்டே என்னைக் கை காட்டினார்.

கிளம்பும்போது ராசாத்தி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, அவ ஊடு கட்டி முடிச்சாளாங்க?”

“அது படத்துல இல்லைங்க. முடிவை டைரக்டர் பாக்கறவங்ககிட்டயே விட்டுட்டார்.”

“எங்ககிட்டயா உட்டாரு?” என்றார். “அப்ப கட்டி முடிச்சாச்சுங்க.”