தெரசம்மாள் ஏறிய கார்

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்னும் சாலைச் சந்திப்பில் பட்டறை வைத்திருந்த தேவசிகாமணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டியின் பிரேக்கில் கை வைத்தாலும், வேலை முடிந்ததும் அதைத் தாமே ஓட்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரம்வரை இறங்கிக் காட்டுவார். முன் இருக்கையில் வண்டிக்காரர் அமர்ந்திருப்பார்; பின் இருக்கையில், மடியில் காய்கறிப் பையுடன், மனைவி தெரசம்மாள். சேலம் சந்தைக்குப் போக அவருக்கு அதுவே வாகனம், திரும்பும்போது பஸ். வாழவந்தியில் பிறந்து, எஸ்டேட் லாரியில் கிளீனராக ஏறி, கேட்டும் தொட்டும் தொழில் கற்றவர் தேவசிகாமணி. அவரிடம் காட்டுவதற்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. தேவையும் இல்லை. பழுது பார்த்த வண்டியைக் கண்டால் ஊரார் கேட்பது ஒன்றுதான்: "தெரசம்மா ஏறுச்சா?"

1986ஆம் ஆண்டு, ஓட்டல்காரர் மகன் சேகர் தன் பழைய ஃபியட் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். டிக்கியில் இரண்டு சிறிய சக்கரங்கள் இருந்தன.

"ஞாயித்துக்கெழமை மெட்ராஸ் பக்கம் சோழவரத்துல கார்ப் பந்தயமுங்கண்ணா. கால் மைலு, ஒரே நேர்கோடு. பின்னாடி சின்னச் சக்கரம் போட்டா வண்டி சட்டுனு பாயும்னாங்க. இது பதிமூணு அங்குலம். வண்டியில இருக்கறது பதினாலு."

தேவசிகாமணி ஒன்றை மாட்டிப் பார்த்தார். அது முக்கால்வாசிக்கு மேல் உள்ளே போய், முழுக்க உட்காருமுன் பிரேக் டிரம்மின் மேல் 'ணங்' என்று முட்டி நின்றது.

"டிரம்மு பெருசா இருக்குது தம்பி. சக்கரம் உள்ள போகாதுங்க."

"சேலத்துல அரை மணி நேரத்துல டிரம்மைச் சீவிக் குடுத்துருவாங்களாமுங்க. நேர்கோட்டுல ஓடற வண்டிக்குப் பிரேக்கு எதுக்குங்கண்ணா?"

"நேர்கோட்டுக்குப் போறதுக்கு முந்தி இருவது வளைவு எறங்கோணுமுல்லொ? அதுக்கு யாரு பிரேக்குப் புடிப்பா, உங்கப்பனா?"

எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த மாரியப்பன் வாய்விட்டுச் சிரித்தார். சேகரின் முகம் சிவந்துவிட்டது. "சனிக்கெழமை காத்தால வரைக்கும் பார்ப்பனுங்க. ஆகலைன்னா சேலந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிரேக்கைத் தொடாமல் சக்கரத்தை மாட்டியே தீருவது என்று தேவசிகாமணி உட்கார்ந்தார். நடுவில் வளையத் தகடு வைத்துப் பார்த்தார். நட்டுக்குப் பிடிமானம் போதவில்லை. சக்கரத்தின் உட்புறத்தை அரம் கொண்டு ராவினார். அது போதவும் இல்லை, அதற்குமேல் ராவினால் தகடு தாங்காது. வியாழக்கிழமை நண்பகலில், வேறு வழி தோன்றாமல், டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தெரசம்மாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க, இதென்ன கோடு?"

"கொஞ்சூண்டுதான் புள்ள. ஒரு நூலு கனம் சீவுனாப் போதும். ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுங்களா? செரி. அப்ப சனிக்கெழமை நான் பஸ்சுல போய்க்கறனுங்க."

தெரசம்மாளின் குரலில் கோபம் இல்லை. தூக்கைத் திறந்து ராகிக் களியையும் கீரையையும் எடுத்து வைத்துவிட்டு, எதுவும் நடவாததுபோல் முந்தானையால் விசிறிக்கொண்டார். தேவசிகாமணியால் வாயில் கவளம் வைக்க முடியவில்லை. பதினைந்து ஆண்டுகளில் தம் கையால் முடித்த வண்டியில் ஏறமாட்டேன் என்று தெரசம்மாள் சொன்னதில்லை. கையிலிருந்த களியை உருட்டிக்கொண்டே நெடுநேரம் இருந்தவர், திடீரென்று எழுந்துபோய் அதை டிரம்மின் மேல் அப்பினார்.

"அய்யோ சாமி! திங்கற களியை!"

"பொறு புள்ள. இன்னொரு உருண்டை குடு."

டிரம்மைச் சுற்றிலும் களியைப் பூசி, சக்கரத்தை முட்டும்வரை தள்ளி, ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினார். டிரம்மெங்கும் களி கனமாகவே ஒட்டியிருந்தது. உட்புற விளிம்பை ஒட்டி விரற்கடை அகலத்துக்கு மட்டும் அது நசுங்கி, இரும்பு பளிச்சென்று தெரிந்தது. சக்கர வளையத்தின் நடுவே குறுகி இறங்கும் பள்ளம் அந்த ஓரிடத்தில்தான் இடித்தது.

"டிரம்மு பெருசும் இல்ல, சக்கரம் சின்னதும் இல்ல. நிக்கற எடந்தான் தப்பு!" என்று கத்தினார்.

சக்கரத்தின் நடுத்தகட்டை வெட்டியெடுத்து, மூன்று நூல், அதாவது அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, உள்ளே தள்ளிப் பற்றவைத்தால், வளையம் அந்த அளவு வெளியே நகர்ந்து நிற்கும். பள்ளம் டிரம்மை விட்டு விலகிவிடும். வெள்ளிக்கிழமை முழுவதும் அந்த வேலைதான். பற்றவைத்த சக்கரங்களை அச்சில் மாட்டிச் சுழற்றி, மயிரிழை ஆட்டமும் தீரும்வரை தட்டி நேராக்கினார். டயர் மட்கார்டில் உரசுமோ என்ற ஐயத்தில், மாரியப்பனையும் டீ குடிக்க வந்த மூவரையும் பின்னால் ஏற்றிக் காரைக் குலுக்கினார். "சவாரியின்னு கூப்புட்டு ஊறவெச்ச அரிசியாட்டம் குலுக்கறீங்களே!" என்றார் மாரியப்பன். டயர் எங்கும் உரசவில்லை. கடைசியில், சக்கரம் உரசினால் காட்டிக்கொடுக்கட்டும் என்று, டிரம்களின் விளிம்பில் சுண்ணாம்பைக் குழைத்து ஒரு பட்டை தீட்டிவிட்டுச் சக்கரங்களை முடுக்கினார்.

சனிக்கிழமை காலையில் சேகர் வந்தான். சக்கரங்கள் உள்ளே அடங்கி நிற்பதைக் குனிந்து தொட்டுப் பார்த்தான். தேவசிகாமணி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தெரசம்மாள் குனிந்து சக்கரத்தின் இடுக்கு வழியாக டிரம்மைப் பார்த்தார். சாக்பீஸ் கோட்டைத் தேடினார், துடைக்கப்பட்டிருந்தது. சீவிய தடம் எங்கும் இல்லை. காய்கறிப் பையை உள்ளே வீசிவிட்டு ஏறி அமர்ந்தார்.

"தெரசம்மா ஏறுச்சா?" என்று மாரியப்பன் குரல் கொடுத்தார்.

"ஏறியாச்சுங்கோ! கதவை ஆராச்சும் சாத்துங்க!"

இருபது வளைவுகள். ஒவ்வொன்றிலும் பிரேக் மெத்தென்று பிடித்து, மெத்தென்று விட்டது. எட்டாம் வளைவில் தெரசம்மாள் ஜெபமாலையைப் பைக்குள் போட்டார்; பன்னிரண்டாம் வளைவில் தூங்கிப்போனார்.

அடிவாரத்தில் தேவசிகாமணி ஜாக்கி வைத்து இரு பின்சக்கரங்களையும் கழற்றினார். சுண்ணாம்புப் பட்டைகள் தீட்டியபடியே இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை.

திங்கட்கிழமை சேகர் ஒரு சிறிய கோப்பையுடன் மலையேறி வந்தான்.

"ரெண்டாவதுங்கண்ணா. மொதல்ல வந்த வண்டி நிக்க முடியாம முள்ளுக்காட்டுக்குள்ள போயிருச்சு. நம்முளுது கோட்டைத் தாண்டிச் சொன்ன எடத்துல நின்னுச்சுங்க."

கோப்பையை வாங்கி மாரியப்பனிடம் நீட்டிவிட்டு, தேவசிகாமணி சக்கரத்தைக் கழற்றப் போனார். பந்தயமும் ஓடித் திரும்பிய டிரம்மில் சுண்ணாம்பு அப்படியே வெள்ளை வெளேரென்று இருந்தது. அன்று மாலை வரை அதைத் துடைக்க அவர் யாரையும் விடவில்லை. ஒண்டிக்கடையில் பஸ் இறங்கிய ஒவ்வொருவரையும் கைபிடித்து அழைத்து வந்து, குனியச் சொல்லி, காட்டிக்கொண்டே இருந்தார்.