எழுதாமல் விட்ட ஒரு வரி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவின் மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நல்லதை மட்டும் எழுது என்றார்கள் சிலர். அம்மாவைப் பற்றி எழுத நல்லது மட்டுமே உண்டு. மற்றவர்களைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை.

உடன்குடிப் பக்கம் பனங்காட்டு ஊரில் பிறந்த அம்மா, திருமணமாகி முத்தையாபுரம் வந்தார்கள். துறைமுகத்தில் சுமை ஏற்றும் வேலையிலிருந்த அப்பா இளவயதிலேயே காலமானபின், பலசரக்குக் கடை வைத்து எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். தம்பி பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றியவன். நாற்பதை நெருங்கும் இந்த வயதிலும் சட்டைப் பொத்தானைப் பிறர்தான் போட்டுவிட வேண்டும். கடைக்கு ஒருமுறை வந்தவர் முகத்தை மட்டும் மறக்கமாட்டான்.

தமக்குப் பிறகு இவன் எங்கே இருப்பான் என்பதே அம்மாவின் கவலை. சிறுகச் சிறுகக் கட்டிய வீட்டை மகள் பெயருக்கு எழுதினால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும் என்றார்கள் நம் பெரியவர்கள். அம்மாவின் உடன்பிறந்த தம்பியான மாமா, என் தம்பியைத் தன் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் பெயருக்கே வீட்டை எழுதிவைக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் தயாரானது. தம்பியை ஆயுள் முழுவதும் அதே வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள் அம்மா. மாமாவின் முகம் வாடியது.

“எக்கா, அப்படி எழுதுனா நீ என்னைய நம்பலன்னுல்லா ஆவும். நமக்குள்ள என்னத்துக்கு அது?”

அம்மா அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

சில ஆண்டுகளில் மாமா வீட்டை விற்றார். வாங்கியவர் அளக்க வந்தபோதுதான் எங்களுக்கே தெரியும். தம்பியை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று மாமா சொல்லியனுப்பினார், நேரில் வரவில்லை. பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்டு அம்மா கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தார்கள். பராமரிப்பு நிபந்தனை பத்திரத்தில் இல்லை என்று அது தள்ளுபடியானது. விசாரணைக்கு முன்பே, மாமா வாக்குக் கொடுத்ததைக் காதால் கேட்டு, சாட்சிக் கையெழுத்தும் போட்ட இருவரை, வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி அம்மா வீடு தேடிப்போய்க் கேட்டிருந்தார்கள். ஒருவர் உடம்பு சரியில்லை என்றார். மற்றவர், அக்கா தம்பிக்குள் நாங்கள் நுழையக்கூடாது என்றார். அவர்கள் கையிலும் இந்த மலர் இருக்கும்.

வாடகை வீட்டுக்கு வந்தபின் அம்மா மாமாவைப் பற்றிப் பேசியதே இல்லை. மிஞ்சிய கடையைத் தம்பிக்கென ஓர் அறக்கட்டளையில் வைத்தார்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு அவனை அழைத்துக்கொண்டு அலைந்து, என்னை அவனுடைய சட்டப்படியான காப்பாளராக நியமிக்கும் ஆணையும் வாங்கினார்கள். அறக்கட்டளைப் பத்திரத்தில், கடையை நான் விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது என்று நிபந்தனைகள் எழுதப்பட்டபோது எனக்கு மனம் நொந்தது.

“என்னையுமா நம்பலம்மா?”

“நம்புதேன்ளா. நம்பாதவகிட்ட யாரு புள்ளைய விட்டுட்டுப் போவா? ஆனாலும் எழுதிருவோம்.”

வீட்டோடு சேர்த்து, பெற்ற மகளை எழுத்தில்லாமல் நம்பும் மனசையும் மாமா கொண்டுபோய்விட்டார் என்று அன்று தெரிந்தது.

மூச்சுத்திணறலோடு படுத்திருந்த கடைசி நாட்களிலும், தம்பி சாப்பிட்டானா என்றுதான் அம்மா கேட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், பொறுமையாக வழிகாட்டிய வழக்கறிஞருக்கும் நன்றி. எங்கள் பழைய வீட்டின் இன்றைய உரிமையாளருக்கும் நன்றி. தம்பி இன்னும் அந்த வாசலில் போய் உட்காருகிறான். அவர் விரட்டுவதில்லை, தண்ணீர் கொடுத்து, தம் பைக்கில் ஏற்றிக் கொண்டுவந்து விடுகிறார்.

மலரின் முதல் பக்கத்தில், உடன்பிறந்தவர் என்ற இடத்தில் தம் பெயர் வரவேண்டும் என்று மாமா சொல்லியனுப்பினார். அம்மா இருந்திருந்தால் போடச் சொல்லியிருப்பார்கள். நான் போடவில்லை.