மூன்று ஷிப்டில் படித்த வளர்மதி

புத்தகத்தின் முதுகில் பிளேடு இறங்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முதலில் காய்ந்த பசை பொலபொலவென்று உதிரும், பிறகு தாள்கள் ‘சரக்’கென்று பிரியும், அட்டை தனியாகக் கழன்று வரும்போது கோந்தும் அச்சு மையும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். புத்தகத்தின்மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று வளர்க்கப்பட்ட எனக்கு, அதை உட்கார்ந்து அறுப்பதை முதல் தடவை பார்த்தபோது உடம்பே பதறிவிட்டது. எங்கள் வீட்டு மாடியிலோ, புதிதாக ஒரு நாவல் வந்தால் முதல் வேலையே அதை மூன்றாகக் கூறு போடுவதுதான்.

ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில், வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த ஐந்தாறு வருடங்களில் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்க, அதுவரை பயிர் வைத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். என் அப்பாவும் ஒரு கம்பெனி ஸ்டோரில் ‘ஹெல்பர்’. ஊரில் எல்லாரும் செய்ததைப்போல அவரும் மாடியில் ஓர் அறை எழுப்பி, ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, தெற்கத்திப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டார். அப்படி வந்தவர்கள்தான் சங்கரன்கோவில் முத்துலட்சுமியும் உசிலம்பட்டிப் பாண்டிச்செல்வியும். அவர்களோடு சேர்ந்துகொண்ட தேவகி எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். மூன்று பேரும் காருக்கு ஒயர் கட்டு தயாரிக்கிற ஒரே கம்பெனியில் ஒரே ‘லைன்’. மூன்று பேருக்கும் பத்தொன்பது, இருபது வயது. மூன்று பேருக்கும் நாவல் பைத்தியம். ஷிப்டு மட்டும்தான் வேறு வேறு.

அதுதான் பெரிய தலைவலி. ஒருத்தி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இன்னொருத்தி ஏறுவாள். ஒருத்தி துணி துவைக்கும்போது இன்னொருத்தி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்குவாள். வார லீவும் ஆளுக்கொரு கிழமை. ஒருத்தி முடித்துக் கொடுக்கும்வரை காத்திருக்கிற பொறுமையோ யாருக்கும் கிடையாது. அதனால் முத்துலட்சுமி கண்டுபிடித்த வழி இது: ஒயர் சீவுகிற பிளேடால் நாவலை மூன்று துண்டாக்கி ஷிப்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வது, வாரம் பிறந்து ஷிப்டு மாறினால் துண்டையும் மாற்றிக்கொள்வது. இதில் ஒருத்திக்குத்தான் கதை தலையிலிருந்து ஒழுங்காக வரும். அடுத்தவளுக்கு நடுவில் தொடங்கும். மற்றொருத்திக்கு முடிவு முதலில் வந்து நிற்கும். இது என்ன கூத்து என்று கேட்டேன். “லைன்லயும் அப்படித்தானளா? நான் மாட்டுத ஒயரு எந்தக் காருல போயி வெளக்கு எரிக்குன்னு எனக்கா தெரியும்?” என்றாள் முத்துலட்சுமி.

நான் அப்போது பத்தாம் வகுப்பு. துண்டுகளைக் கைமாற்றிக் கொடுப்பது நான். அதைவிட முக்கியமாக, ஒருத்தியின் அபிப்பிராயத்தை இன்னொருத்தியிடம் சுமந்துபோய்ச் சேர்ப்பதும் நான். ஒரே அறையிலும் பக்கத்து வீட்டிலுமாகக் குடியிருந்தும் நேருக்கு நேர் உட்கார்ந்து சண்டை போட நேரமில்லாதவர்களுக்கு நான்தான் வாய். மாடிப்படியில் நின்றுகொண்டு கேட்டதைக் கேட்டபடியே, அவரவர் குரலிலேயே நான் ஒப்பிக்க, படிக்கட்டுக்குக் கீழே சமையலறை ஜன்னலில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருடம் முத்துலட்சுமி தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்த நாவல், எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்டது. தலைப்பு யார் வாயிலும் நுழையவில்லை. கதாநாயகி பெயரை வைத்து ‘வளர்மதி’ என்றே சொன்னோம். அப்பா இறந்தபின் மாமன் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் பேச, பதினாறு வயது வளர்மதி ஒரு விடிகாலையில் தம்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு டவுனுக்குப் படிக்கக் கிளம்பிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அவள் கிளம்பியது சரியா, தப்பா? அதற்குத்தான் எங்கள் மாடி ரெண்டுபட்டது.

“பாண்டிகிட்ட சொல்லு, அவ மாதிரி தெம்பான பிள்ளைய நான் பாத்ததே இல்லன்னு” என்று முதல் துண்டு படித்த முத்துலட்சுமி சொல்லியனுப்புவாள். “ஆஸ்டல்ல தம்பிய நெனச்சிகினு எப்டி அழுவுறா தெரியுமா? தங்கமான பொண்ணு!” என்பாள் நடுத்துண்டு படித்த தேவகி. பாண்டிச்செல்விக்கு வாய்த்ததோ கடைசித் துண்டு. முடிவை மட்டும் சொல்லக்கூடாது என்று மற்ற இருவரும் சத்தியம் வாங்கியிருந்ததால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “கல்நெஞ்சுக்காரிதான் அவ! எனக்கு வாயைக் கட்டிப் போட்டுருக்காளுக, இல்லேன்னா அவ வண்டவாளத்தைச் சொல்லியிருப்பேன்” என்று பொருமுவாள். அடுத்த வாரம் அவள் கைக்கு முதல் துண்டு போனது. தொடமாட்டேன் என்று அதைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டாள். ஏன் அவளுக்கு அப்படி ஒரு கோபம் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. உசிலம்பட்டியில் அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான். வாரம் தவறாமல் அவள் கூட்டுரோட்டு பூத்திலிருந்து போன் போடுவாள். அவள் அம்மா பேசுவாள், தம்பி மட்டும் பேச வரமாட்டான்.

தேவகிக்குச் சேர வேண்டிய கடைசித் துண்டு போகிற வழியில் என் கையில் ஒரு சாயங்காலம் தங்கியது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதைப் பிரித்தேன். முதல் பக்கம்கூடத் தாண்டியிருக்க மாட்டேன், பால் பொங்கித் தீய்ந்த வாடைக்கு அப்பா உள்ளே வந்துவிட்டார். “பத்தாவது பரீட்ச வெச்சிகினு இன்னாடி இது? மேலேர்ந்து வந்துதா?” என்று பிடுங்கிப் பரண்மேல் வீசியவர், அதோடு விடவில்லை. பரீட்சை முடியும்வரை கதைப்புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்று எனக்குத் தடை. மாடிக்குப் போய், “உங்களாண்ட சண்டைக்கு வரலம்மா. ஆயுத பூஜை போவட்டும், அப்பால வேற வூடு பாத்துக்குங்க” என்று அவர்களுக்குக் கெடு. கெட்டவர் இல்லை என் அப்பா. எட்டாவதோடு நின்றவர், என்னை எப்படியாவது மேலே ஏற்றிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு அவருக்கு. ஆனாலும் அன்று அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! அவர்கள் போய்விட்டால் எனக்குப் பேச யார் இருக்கிறார்கள் என்று அழுது அழுது முகம் வீங்கிவிட்டது.

வருடத்தில் லைன் மொத்தமும் நிற்கிற நாள் ஆயுத பூஜை ஒன்றுதான். முந்தின நாளே மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசிப் பொரிப் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கப்போகிற ஒரே நாள். அவர்கள் மாடியில் இருக்கப்போகிற கடைசி நாளும் அதுதான். வளர்மதியை வைத்து நேருக்கு நேர் ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்திருந்தோம். ஆனால் கொடுமையைப் பாருங்கள், அதே நாள்தான் சரஸ்வதி பூஜை. புத்தகமெல்லாம் சாமிக்குமுன் ஏறிவிடும். மறுநாள் விஜயதசமி காலைவரை ஒரு வரி படிக்கக்கூடாது.

பூஜைக்காக வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணை ஒட்டடை அடித்தது அம்மாதான். மாடிக்குப் போய் மற்ற இரண்டு துண்டுகளையும் அவளே கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். காலையில் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், கோணி ஊசியால் மூன்று துண்டையும் சேர்த்துத் தைத்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, என் கணக்குப் புத்தகத்துக்கும் மேலே வளர்மதி கொலுவிருக்கிறாள்! மொபெட்டுக்கு மாலை போட்டுவிட்டு உள்ளே வந்த அப்பா திகைத்து நின்றார்.

“இன்னாமே இது? கத புக்குக்கு எதுக்கு குங்குமம்?”

“அதுவும் புஸ்தகந்தான? அதுல மட்டும் சரஸ்வதி இல்லியா? பூஜையில ஏறிடுச்சி, இனி நாளைக்குத்தான் கைவெக்கணும்” என்றாள் அம்மா. கற்பூரம் காட்ட வேண்டிய நேரத்தில் சாமிக்கு முன்னால் சண்டை போட அவரால் முடியவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். வளர்மதியையும் சேர்த்துத்தான் கும்பிட்டார்.

சுண்டலைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அறையின் ஆஸ்பெஸ்டாஸும் ஒழுகியது. வேறு வழியில்லாமல் எல்லாரும் கீழே கூடத்துக்கே வந்தோம், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பொரி கொறித்துக்கொண்டிருந்த இடத்துக்கு. பேசுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது தேவகிதான் பொறுக்கமாட்டாமல், “படிக்கத்தான் கூடாது, சொல்லக்கூடாதுன்னு யாரு சொன்னா? பாண்டி, முடிவு இன்னான்னு சொல்லித் தொலைடி, எனக்கு மண்ட வெடிக்குது” என்றாள்.

“சொல்றேன். அப்புறமாவது அவளுக்கு வக்காலத்து வாங்குறத நிறுத்துங்க” என்று பாண்டிச்செல்வி ஆரம்பித்தாள். “பாஸ் பண்ணிட்டு ஊருக்கு வந்து கதவைத் தட்டுறா. மேல டீச்சர் படிப்புக்கு எடங் கெடச்சிருக்கு, போகவா வேணாமான்னு யோசனையோட வர்றா. உள்ள தம்பி நிக்கிறான். அக்கா அக்கான்னு உசுரா இருந்த பய, கதவைத் தொறக்கவே இல்ல. எம்புட்டு வெறுத்துருந்தா தொறக்காம இருப்பான்? அவளும் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, டவுனுக்கே திரும்பிப் போயிட்டா. இம்புட்டுத்தான். விட்டுட்டுப் போனவளுக்கு எந்தத் தம்பி கதவைத் தொறப்பான்?” சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

முத்துலட்சுமி வாயில் போட்ட சுண்டலை மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தாள். திடீரென்று துள்ளி எழுந்தாள். “ஏளா, கூறுகெட்டவளே! மொதத் துண்ட நீ படிக்கவே இல்லியா? அன்னைக்கு விடியக்காலம் கொல்லைக் கதவைத் தொறந்து அவள அனுப்பி வச்சதே அந்தத் தம்பிதான்ளா! ‘போக்கா. பாதியில திரும்பி வந்தேன்னா நான் கதவைத் தொறக்க மாட்டேன், அப்பத்தான் நீ முழுசா படிப்ப’ன்னு சொல்லித்தான் அனுப்புதான்! அவன் வெறுத்தாம்னா நெனச்ச? சொன்ன சொல்லக் காப்பாத்துதான்ளா!”

முதல் துண்டை முழுசாகப் படித்திருந்த எனக்கே முடிவு தெரியாததால் அந்த வார்த்தையின் கனம் தெரிந்திருக்கவில்லை. பாண்டிச்செல்வி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, “ஆத்தி, அப்படியா? அப்படியா சொன்னான்?” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அம்மா சமையலறை வாசலில் நின்றபடி, “நான் அன்னிக்கே நெனச்சேன், அந்தப் புள்ள நல்ல புள்ளன்னு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் கள்ளி! பிறகு ஆளாளுக்குப் பேசினோம் பாருங்கள், மழைச் சத்தமே கேட்கவில்லை. அந்த அமளிக்கு நடுவில்தான் நாற்காலியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“அப்பால இன்னா ஆச்சி? போவும்போது அவ திரும்பிப் பாத்தாளா?”

அப்பா! கையிலிருந்த பொரி கீழே சிந்தியிருப்பதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். திரும்பிப் பார்த்தாளா என்பது பாண்டிச்செல்விக்கு நினைவில்லை. புத்தகமோ சாமிமுன்னால்.

மறுநாள் விடிந்ததும் அப்பா குளித்துவிட்டு வந்து, பூஜையிலிருந்து முதலில் எடுத்தது என் கணக்குப் புத்தகத்தை அல்ல. கோணித் தையல் போட்ட வளர்மதியை என் கையில் கொடுத்து, “இத்த எடுத்து மொதல்ல படி, சத்தமா. அதுங்க பஸ்ஸு வரத்துக்குள்ள முடி” என்றார். ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டியவர்களும் வந்து உட்கார, நான் கூடத்தின் நடுவில் நின்று கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். வளர்மதி தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் ஒரு கை அசைந்தது. அதைத்தான் பாண்டிச்செல்வி கோபத்தில் கவனிக்காமல் தாண்டியிருக்கிறாள்.

“கெட்டிக்காரப் பையன்” என்றார் அப்பா. அதுதான் எங்கள் கூட்டத்தில் அவர் சொன்ன முதல் அபிப்பிராயம். தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டே முத்துலட்சுமியைப் பார்த்து, “மேல ஒழுவுதில்ல? நாயித்துக்கிழம ஆள வரச் சொல்றேன்” என்றார். வேறு வீடு பார்க்கச் சொன்ன பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. பாண்டிச்செல்வி அன்றே பூத்துக்கு ஓடினாள். தம்பியைக் கூப்பிடச் சொல்லி வற்புறுத்தாமல், “நான் நல்லா இருக்கேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லும்மா” என்றாளாம். அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கி அவனே பேசிவிட்டான். படியேறி வந்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜெயித்துவிட்டோம் என்று நாங்கள் போட்ட கூச்சல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

பத்தாவது தேறி, பிளஸ் டூ தேறி, நான் திருச்சிக்குக் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனேன். முதல் மாதமே தாங்க முடியாமல் போனில் அழுதேன், வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று. அப்பாவோ, “வா, வந்து பாரு. கதவத் தொறக்க மாட்டேன்” என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். படித்து முடித்துத்தான் வந்தேன்.

இப்போது அந்த மாடி இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது வீட்டின் முன்பாதியே போய்விட்டது, கூடமும் அந்தக் கதவும் உட்பட. கூட்டுரோட்டில் பூத் இல்லை. முத்துலட்சுமியும் பாண்டிச்செல்வியும் ஊர்ப்பக்கம் போய்ப் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறார்கள். தேவகி மறைமலை நகரில். நாங்கள் நால்வரும் இன்றும் செல்போனில் நாவல்களைப் பற்றி அடித்துக்கொள்கிறோம். முழுப் புத்தகமும் எல்லார் கையிலும் இருக்கிறது, யாரும் அறுக்க வேண்டியதில்லை. வளர்மதி மட்டும் கோணித் தையலோடு அப்பாவிடம் இருக்கிறாள். வருடா வருடம் குங்குமம் வாங்கிக்கொள்கிறாள். படப்பையில் வாங்கிய புது வீட்டில் அழைப்பு மணி வைத்திருக்கிறார் அப்பா. நான் போய் அழுத்தினால் போதும், உள்ளேயிருந்து “தொறக்க மாட்டேன், போ!” என்று ஒரு குரல் வரும், மணிச் சத்தம் ஓய்வதற்குள் கதவு திறந்துகொள்ளும்.