மருமகனைத் தூக்காமல் திரும்பிய திருத்தணிப் பயணம்

திருத்தணிக்கு எப்படிப் போவது என்று கேட்டு இந்த வலைப்பூவுக்கு அவ்வப்போது மின்னஞ்சல் வருகிறது. எத்தனையோ முறை போய் வந்த ஊர்தான். ஆனால் இந்த 2007 மாசியில் போனதைத்தான் எழுதத் தோன்றுகிறது. மலை வரை போனேன், சாமி பார்க்கவில்லை.

போனது அக்கா மகனுக்கு முதல் மொட்டை போட. அக்காவைப் பொதட்டூர்பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். பையன் குறைமாதத்தில் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். பிழைத்தால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மலையில் முடி இறக்குவதாக அக்காவின் மாமனார் வேண்டிக்கொண்டார். தாய்மாமன் நான் ஒருவன்தான். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் ஆண் செவிலியராக இருக்கிறேன்.

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்திலிருந்து காலை வண்டி. எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், இரண்டேகால் மணி நேரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜன்னல் ஓரம் கிடைத்தது. பையில் பையனுக்குப் பட்டு வேட்டியும் வெள்ளி அரைஞாணும் இருந்தன.

அரக்கோணத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தபோது வார்டு சிஸ்டர் செல்போனில் கூப்பிட்டார். சும்மா கூப்பிடுகிறவர் அல்ல.

"போன வாரம் மூச்சுத் திணறலோட ஒரு குழந்தை வந்துச்சே, நீயும் செல்வியும்தானே பார்த்தீங்க?"

"ஆமாம் சிஸ்டர்."

"அது நிமோனியா மட்டும் இல்ல. தட்டம்மை. ரத்தப் பரிசோதனை வந்துடுச்சு. உனக்கு முன்னாடி வந்திருக்கா? ஊசி போட்டிருக்கியா?"

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. நான் பிறந்த காலத்தில் எங்கள் பக்கம் அந்த ஊசி வந்திருக்கவில்லை. வேலையில் சேர்ந்தபோது மஞ்சள் காமாலைக்கு மூன்று ஊசி போட்டார்கள். தட்டம்மை பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் குழந்தையை எக்ஸ்ரே அறைக்குத் தோளில் போட்டுத் தூக்கிப் போனவன் நான். முகத்துக்கு நேரே இருமியது.

அதற்குள் ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஊசி போட்டுத் தடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. தொற்றியிருந்தால் உடம்பில் சிவப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே காற்றில் பரப்ப ஆரம்பித்துவிடுவோம். காய்ச்சல் இல்லை, சளி இல்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. மருமகனுக்கு ஏழு மாதம். ஒன்பது மாதத்தில்தான் அவனுக்கு ஊசி.

கைக்குட்டையை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றேன். எதிர் இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தார். அதுவரை அந்தக் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பாவாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, மூன்று முறை போன் அடித்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. அப்படியே திரும்பிவிட்டால் அவர்கள் மலையில் காத்துக் கிடப்பார்கள். நேரில் போய்த் தூரத்தில் நின்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

திருத்தணி நிலையத்திலிருந்து மலைக்கு ஆட்டோ அறுபது ரூபாய். பேரம் பேசவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், தூசியா? மூஞ்சியக் கட்டிகினு வர்றீங்க?"

"உடம்பு சரியில்லீங்க. உங்க வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா?"

"ஆங், ரெண்டு. எல்லா ஊசியும் போட்டாச்சு. எங்க வீட்டம்மா விடாது."

கொஞ்சம் மூச்சு வந்தது.

மேலே வண்டிகள் நிற்கும் இடத்திலேயே இறங்கினேன். முடி இறக்கும் மண்டபத்தைச் சுற்றிக் கைக்குழந்தைகள். அந்தப் பக்கமே போகாமல் ஆள் இல்லாத ஓரமாக நின்று மறுபடி அடித்தேன். இந்த முறை பாவா எடுத்தார். இருக்கும் இடத்தைச் சொன்னேன். விஷயத்தைச் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அக்காதான் முதலில் வந்தாள், இடுப்பில் பையனோடு, சிரித்துக்கொண்டே வேகமாக.

"அக்கா, அங்கயே நில்லு. கிட்ட வராதே."

நின்றுவிட்டாள். பையன் என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். வழக்கமாகத் தாவுவான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குள் பாவாவும் மாமனாரும் வந்துவிட்டார்கள்.

"சின்ன வயசுல உனக்கு அம்மை பாத்துச்சேடா," என்றாள் அக்கா.

"எந்த அம்மை? கொப்புளமா, மணல்வாரியா?"

தட்டம்மையை எங்கள் பக்கம் மணல்வாரி என்பார்கள். அக்கா யோசித்தாள். "எனக்கும் சேர்ந்துதான் வந்துச்சு. வேப்பிலை போட்டுப் படுக்க வெச்சாங்க. வேற ஒண்ணும் ஞாபகம் இல்லடா."

அம்மாவும் அப்பாவும் இப்போது உயிரோடு இல்லை. கேட்க வேறு ஆள் இல்லை.

மாமனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரியில வேலை செய்றவன்தானே நீ? நோயாளியத் தொட்டுகினே இருக்கிறவங்களுக்கு ஊசி போட்டு வெக்க மாட்டாங்களா?"

"போடலீங்க."

"வேண்டிகினது தாய்மாமன் மடி. சாமிகிட்ட இன்னா சொல்றது?"

பாவா தரையைப் பார்த்தார். "நைனா, அவன் சொல்றான்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அக்காதான் பேசினாள். "சாமி காப்பாத்திக் கொடுத்த புள்ள. தம்பி கிட்ட வரமாட்டான், மாமா. நான் மடியில வெச்சுக்கறேன்." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

பையை வெயில் படும் கைப்பிடிச்சுவரில் வைத்துவிட்டு விலகினேன். பாவா எடுத்துக்கொண்டு போனார். மாமனார் அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. சற்று நேரத்தில் மண்டபத்திலிருந்து பல குழந்தைகளின் அழுகை வந்தது. அதில் எது எங்கள் பையனுடையது என்று கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தேன். முடியவில்லை. படி வழியாகவே இறங்கினேன். கூட்டம் குறைந்த மதிய வண்டியில் வாசலோரம் நின்றபடி சென்னை வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும் வரை அறையை விட்டு வெளியே போகவில்லை. வாய்க்குள் வெண்புள்ளியோ காதுக்குப் பின்னால் சிவப்போ தெரிகிறதா என்று இரவும் பகலும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிவு வந்தது. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறதாம். சின்ன வயதில் எனக்கு வந்தது மணல்வாரிதான் போலும்.

அக்காவுக்குச் சொன்னேன்.

"அப்ப நீ தூக்கியிருக்கலாம்."

"ஆமாக்கா."

"அன்னிக்குத் தெரியாதில்ல," என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஆறுதலாகத்தான் சொன்னாள், எனக்கு ஆறவில்லை.

அதே வாரம் என்னோடு வார்டில் வேலை செய்யும் செல்விக்கு முகத்தில் சிவப்பு இறங்கியது. நான் தூக்கிப் போன அதே குழந்தைக்கு ஊசி போட்டவள். நுரையீரலில் சளி கட்டி, பிராணவாயு வைக்கும் அளவுக்குப் போய்த்தான் மீண்டாள். எங்கள் இருவரில் யாருக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று அரக்கோணத்தில் வண்டி நின்றபோது யாருக்கும் தெரியாது. முன்கூட்டியே எங்களுக்கு ஊசி போட்டிருந்தால் நான் பையனைத் தூக்காமல் திரும்பியதும் செல்வி படுத்ததும் நடந்திருக்காது.

போகிறவர்களுக்கு: கிருத்திகை நாளில் கைக்குழந்தையோடு போகாதீர்கள், மண்டபத்தில் மூச்சு முட்டும். சாதாரண நாளில் முதல் வண்டியைப் பிடித்தால் வெயில் ஏறுமுன் மலையில் இருக்கலாம். பேசிய கூலிக்கு மேல் ஆட்டோக்காரர்கள் கேட்பதில்லை. அம்மை, காய்ச்சல் கண்ட வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள், தட்டம்மை வந்ததா, ஊசி போட்டதா என்று தெரியாவிட்டால் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒன்பது மாதம் ஆனதும் பையனுக்கு ஊசி போட்டாகிவிட்டது. போன வாரம் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தேன். மாமனார் தறியை நிறுத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நலம் விசாரிக்கவில்லை.

"இப்பவாவது உங்க ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் போடறாங்களா?"

"எங்க வார்டுல போட்டுட்டாங்க. மத்த வார்டுல தெரியலீங்க."

"தெரியலைன்னு மலையில ஒருதரம் சொல்லிட்டே," என்றார். "இந்த தபா கேட்டுகினு வந்து சொல்லு."