கோவிலம்பாக்கத்துக்கு ரூத்தம்மா வந்த நாள்

ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தால் எனக்கு இன்றும் கோவிலம்பாக்கம்தான் ஞாபகம் வரும்...

காலேஜ் முடித்த கையோடு, சேலையூரில் ஒரு சர்ச் நடத்திய குழந்தைகள் உதவி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவர் இங்கே ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வார். ஸ்பான்சர் என்போம். எப்போதாவது அவர்கள் நேரில் வந்தால் வேனில் கூட்டிப்போய், இரண்டு பக்கமும் பேசுவதை மொழிபெயர்ப்பது என் வேலை.

அப்படி வந்தவர்தான் ரூத். நியூசிலாந்துக்காரர். அறுபதை நெருங்கும் வயது. வெயிலில் சிவந்த முகம். கேம்ப் ரோட்டில் வேன் குலுங்கிய குலுக்கலிலும் மடியில் இருந்த பையை விடவில்லை. அவர் படிக்கவைக்கும் பிள்ளை தேவிக்கு வாங்கிய மஞ்சள் ரெயின்கோட் அதில் இருந்தது.

தேவி அப்போது நாலாவது படித்தாள். ஏரிக்கரையோரம் ஓலை வீடு. விருந்தாளி வருகிறார் என்று அவள் அம்மா கன்னியம்மா முன்சுவருக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார். அது காயவே இல்லை. தெரியாமல் சாய்ந்த எங்கள் டிரைவர் அண்ணாவின் முதுகெல்லாம் வெள்ளை!

ரூத்துக்கென்று ஒரு பாட்டில் ஆரஞ்சு கலர் வாங்கி வைத்திருந்தார்கள். வெளியில் எதுவும் குடிக்க வேண்டாம் என்று ஆபீசில் சொல்லித்தான் அனுப்பியிருந்தோம். ரூத் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

ஆனாலும் கன்னியம்மா உட்காரவே இல்லை. கதவோரமாகவே நின்றார். எதைக் கேட்டாலும், "நல்லா கீறோம்னு சொல்லும்மா" என்பதோடு சரி. வாய் தவறி ஏதாவது வந்து, உதவி நின்றுபோய்விடுமோ என்கிற பயம்.

ரெயின்கோட்டைப் பிரித்தோம். பழைய போட்டோவைப் பார்த்து வாங்கியது... பிள்ளை அதற்குள் வளர்ந்துவிட்டாள். கை முழங்கையோடு நின்றுவிட்டது. எல்லோரும் சிரித்தோம். தேவி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"எங்கக்கா பக்கத்து வூட்ல கீறா. கூப்டட்டா சிஸ்டர்?"

கன்னியம்மா அவள் தொடையில் கிள்ளினார். "சும்மா இருடி!"

வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் உதவி. அது ஆபீஸ் விதி. இன்னொருத்தியையும் காட்டினால் ஆசைப்படுகிறார்கள் என்று ரூத் நினைத்துவிடுவாரோ என்று, மூத்தவளை ஒளித்து வைத்திருந்திருக்கிறார்.

தேவி கேட்டதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தவித்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"வரச் சொல்" என்றார் ரூத்.

ராணி வந்தாள். வெளுத்துப்போன யூனிஃபார்ம். தங்கைக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். தேவி விடவில்லை.

"ஏன் என்ன மட்டும் எடுத்தாங்க? எங்கக்காவ ஏன் எடுக்கல? கேளுங்க சிஸ்டர்."

கேட்டேன்... ரூத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தேவியைப் பார்த்தே பதில் சொன்னார். எனக்கு ஒரு போட்டோதான் காட்டினார்கள். உனக்கு அக்கா இருப்பது தெரியாது. நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். என் சம்பளத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் முடியும். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கன்னியம்மா குறுக்கே வந்தார்.

"இன்னாது... பஸ் ஓட்றாங்களா? இந்தம்மாவா?"

"ஆமாக்கா."

அப்போதுதான் கன்னியம்மா உட்கார்ந்தார். ரூத் பக்கத்திலேயே, பாயில். "நான் சித்தாளு வேலைக்குப் போறேன்னு சொல்லும்மா. கல்லு தூக்கித் தூக்கி முட்டியே போச்சுன்னு சொல்லு." ரூத் தன் முட்டியைத் தட்டிக் காட்டினார். கிளட்ச் மிதிக்கிற கால்! இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் என் இங்கிலீஷ் அங்கே யாருக்கும் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

கிளம்பும் முன் ஜெபம் செய்வது வழக்கம். ரூத் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொல்லி ஜெபித்தார். ராணி என்ற பெயரை நிறுத்தி, நிதானமாக. சுவரில் இருந்த அம்மன் படத்துக்குக் கீழே கன்னியம்மாவும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

விதி கடைசி வரை மாறவில்லை. ஆனால் அந்த வருஷத்திலிருந்து கிறிஸ்துமஸ் பார்சலில் எல்லாமே இரண்டு இரண்டாக வரும். தேவி டிகிரி முடித்தாள். ராணி பத்தாவதோடு நின்று, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையலுக்குப் போனாள். அது எனக்கு இன்னமும் உறுத்தும். போன மாதம் கேம்ப் ரோட்டில் பார்த்தேன். சொந்தமாக டைலரிங் கடை வைத்திருக்கிறாள். "நல்லா கீறேன் சிஸ்டர்" என்றாள். இந்த முறை அதை நம்பினேன்.

இப்போது ஸ்பான்சர்கள் வேனில் வருவதில்லை, வீடியோ கால்தான். சில சனிக்கிழமைகளில் மொழிபெயர்க்க நான் இன்னும் போகிறேன். "வீட்ல வேற யார் இருக்கீங்க? எல்லாரும் வாங்க" என்று நானே கூப்பிட்டுவிடுவேன். ஸ்கிரீன் முழுக்கத் தலைகள். நல்லாத்தான் இருக்கிறது... ஆனால் குசலம் விசாரித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அடுத்த பிள்ளை காத்திருக்கும்.

அன்றைக்கு டிரைவர் அண்ணா ஹாரன் அடித்து அடித்துப் பார்த்தார். கன்னியம்மா ரூத்தின் கையை விடவே இல்லை.

"இருக்கச் சொல்லு கண்ணு... இன்னும் ஒண்ணுமே பேசல."